ஹாரியட் ஸ்கடர் அம்மையார்

பண்டத்தரிப்பின் வரலாற்றைப் பேசுவோர் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடரை மறப்பதில்லை. அவர்தம் துணைவியார் ஹாரியட்டை நினைப்போரோ சிலரே. 1819ஆம் ஆண்டு நியூயார்க்கில் செழித்திருந்த வாழ்வைத் துறந்து கணவருடன் கப்பலேறினார் அம்மையார். யாழ்ப்பாணம் வந்து சேருமுன்னரே, கல்கத்தாவில் சின்னஞ்சிறு மகளை அடக்கம் செய்ய நேர்ந்தது. 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறினர். கணவர் பிணியாளரைக் கவனித்தும் ஊரூராகச் சமயம் பேசியும் வந்தார். இல்லமும் மக்களும் அம்மையார் பொறுப்பாயின. 1822இல் பிறந்த ஹென்றியை, பத்து வயதளவிலேயே கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினர். அந்நாளில் கடிதம் கடல் கடக்கவே மாதங்கள் செல்லும்! பிரிந்த மகன் 1844இல் சமயத் தொண்டராய்த் திரும்பினார்; உடன்பிறந்தார் அறுவர் அவரைப் பின்பற்றினர். 1836இல் சென்னைக்குப் பெயர்ந்த குடும்பத்தின் தாய், 1849இல் அந்நகரிலேயே காலமானார். வேலூர் மருத்துவமனையைக் கண்ட ஐடா ஸ்கடர், இளைய மகன் ஜானின் புதல்வி. 1870இல் பிறந்த அவர், பாட்டியாரைக் கண்டதில்லை.