நந்திமலையும் நம் ஆறுகளும்

மழைக்காலம் ஓய்ந்து பனிக்காலம் தலைகாட்டியதும், "இவ்வாண்டு எந்த மலைக்குச் செல்லலாம்?" என்ற பேச்சு நம் காலனிக் குடும்பங்களில் எழுவது இயல்பு. அப்பேச்சில் முதலில் வரும் பெயர் நந்திமலை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. 1,478 மீட்டர் உயரம். விடியலில் சென்றால் மேகம் நம் காலடியில் தவழும். வண்டியை ஏற்பாடு செய்து, கட்டுச்சோற்றையும் கம்பளியையும் எடுத்து வைத்தால் பயண ஏற்பாடு முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் அம்மலையின் வரலாற்றையும் சிறிது அறிந்து செல்வோமாயின், அது வெறும் உல்லாசப் பயணமாக நின்றுவிடாது.

ஜப்பானியர் இதனை நன்கு உணர்ந்தவர்கள். 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலை அவர்களுக்குக் காட்சிப் பொருள் மட்டுமன்று, வழிபாட்டுக்குரிய தலமுமாகும். ஃபூஜியின் பனி உருகி, நிலத்தினுள் ஊறி, அடிவாரத்தில் ஓஷினோ என்னும் ஊரில் எட்டுச் சுனைகளாக வெளிப்படுகிறது. அச்சுனை நீரில் தம்மைத் தூய்மை செய்துகொண்ட பின்னரே மலையேறுவது பண்டை யாத்திரிகர் வழக்கம். மலையை நினைக்கும்போது அது தரும் நீரையும் அவர்கள் நினைத்தார்கள். நந்திமலைக்குச் செல்லும் நாமும் அவ்வாறு நினைக்கக் காரணம் உண்டு.

பயணத்தின் தொடக்கத்திலேயே வரலாறு நம்மை எதிர்கொள்கிறது. வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் எலகங்கா இருக்கிறது. இப்பெயருடைய நாடு சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு மரபில் 'இலைப்பாக்க நாடு' என வழங்கியது. நம்மிற் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில் கங்கநாடு சோழர் வசமாயிற்று. கோலார்ப் பகுதி 'நிகரிலிசோழ மண்டலம்' என்று பெயர் பெற்றது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணி தேடி நாம் இந்நகருக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழ் இங்கே கல்லில் எழுதப்பட்டது. இது உரிமை கொண்டாடுவதற்காகச் சொல்லப்படுவதன்று. கன்னட மக்களோடு நமக்குள்ள அண்டை உறவின் பழமையை அறிவதற்காகவே.

மலையேறுமுன் அடிவாரத்து நந்தி கிராமத்தில் உள்ள போகநந்தீசுவரர் கோயிலைக் காண்பது முறை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கோயில் சாசனங்களில் இடம்பெறுகிறது. வாண அரசன் ஒருவனின் தேவி இரத்தினாவளி சிவன் கோயில் எடுத்ததைச் செப்பேடு கூறுகிறது. நுளம்பர், கங்கர், சோழர், போசளர், விசயநகரத்தார் எனப் பலரின் கைவண்ணமும் இங்குக் கலந்திருக்கிறது. படிகள் சூழ்ந்த இதன் திருக்குளத்துக்குச் 'சிருங்கி தீர்த்தம்' என்று பெயர். தென்பெண்ணை பிறப்பது இக்குளத்திலேதான் என்பது ஊர் மரபு. அடிவாரத்தில் போகநந்தி, உச்சியில் யோகநந்தி. போகத்திலிருந்து யோகத்துக்கு ஏறுவதே நம் முன்னோர் வகுத்த மலைப்பயணம்.

நடக்க வல்லவர்கள் சாலையை விட்டுப் பழைய படிவழியே ஏறலாம். படிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. வழி திறந்திருக்கிறதா என்று முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். உச்சியைச் சூழ்ந்து நிற்பது ஐதர், திப்பு காலத்தில் வலுவாக்கப்பட்ட கோட்டை. சென்னையிலிருந்து புறப்பட்ட காரன்வாலிஸ் பிரபுவின் படை 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது; அவ்வாண்டு அக்டோபரில், செங்குத்தான சரிவுகளில் பீரங்கிகளை இழுத்தேற்றி, முற்றுகையிட்டு இக்கோட்டையையும் கைப்பற்றியது. போர்க்களமாயிருந்த இடம் பின்னர் ஓய்விடமாயிற்று. 1834 முதல் 1861 வரை மைசூர்க் கமிஷனராயிருந்த மார்க் கப்பன் இங்கே மாளிகை அமைத்துக்கொண்டார். 1927-இல் உடல் நலம் குன்றிய காந்தியடிகள் ஏப்ரல் முதல் பல வாரங்கள் இம்மலையில் தங்கி இளைப்பாறினார். இராஜாஜி அவருடன் இருந்தார்.

உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கும்போது நம் உள்ளம் ஆறுகளின்பால் செல்ல வேண்டும். நந்திமலைத் தொடரும் அதனை அடுத்த மேட்டு நிலமும் பல ஆறுகளுக்குத் தாய்வீடு. வடபெண்ணை ஆந்திரத்தை நோக்கிச் செல்கிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி வழியே ஓடி, 1958-இல் கட்டப்பட்ட சாத்தனூர் அணையில் தேங்கி, கடலூர் அருகே கடல் சேர்கிறது. பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. கோலார்த் தங்கவயலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்க்குக் குடிநீர் தந்தது அப்பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியே. அருக்காவதி தெற்கே சென்று காவிரியிற் கலக்கிறது. கலக்குமுன் 1894-இல் அமைந்த எசரகட்டா நீர்த்தேக்கத்தின் வாயிலாகப் பெங்களூருக்குக் குழாய்நீர் அளித்த பெருமையும் அதற்கு உண்டு. இந்த ஆறுகளுட் சிலவற்றின் நீர் குறித்து 1892-லேயே மைசூரும் சென்னையும் உடன்படிக்கை செய்துகொண்டன என்றால், இவற்றின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ!

அவ்வாறுகளின் இன்றைய நிலை என்ன? வேலூரில் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி நாறிய செய்தியைப் பல முறை படித்திருக்கிறோம். அந்நுரை எங்கிருந்து போயிற்று? நம் குளியலறையிலிருந்தும் சலவைத் தொட்டியிலிருந்தும் போயிற்று. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீரை நாம் பயன்படுத்துகிறோம். அதன் கழிவில் ஒரு பகுதி விருசபாவதி வழியே அருக்காவதியிற் சேர்ந்து மீண்டும் காவிரிக்கே போகிறது. மற்றொரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையை அடைகிறது. அங்கே அந்நீரைக் கொண்டு நெல்லும் கீரையும் விளைப்போர் நம் உற்றாரும் உறவினருமே. ஊரை விட்டு வந்தோம் என்று நாம் எண்ணுகிறோம். நாம் விடும் நீரோ நமக்கு முன்னே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தண்ணீர்ப் பூசல் எழும் ஒவ்வொரு முறையும், எந்தப் பக்கம் பேசுவது என்று அறியாமல் நடுவில் நின்று தவிப்பவர்கள் நாம். எவ்வளவு நீர் என்பதை அறமன்றங்கள் தீர்க்கட்டும். எத்தகைய நீர் என்பதில் நம் கைக்கும் பங்குண்டு. காலனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முறையாக இயங்குகிறதா எனக் கேட்பதும், அருகிலுள்ள ஏரியைக் காக்க முனையும் கன்னட நண்பர்களோடு கைகோப்பதும் நம்மால் இயலும்.

ஆதலின் இவ்வாண்டு நந்திமலைக்குத் திட்டமிடுவோர் குழந்தைகளையும் பெரியோரையும் தவறாமல் அழைத்துச் செல்க. காலையில் சிருங்கி தீர்த்தம், பின்னர் படிவழி, நண்பகலில் உச்சி என வகுத்துக்கொள்க. கொண்டு சென்ற நெகிழிப் பையைத் திரும்பக் கொணர்க. தென்கிழக்குத் திசையைக் காட்டி, "நம் ஊருக்குப் போகும் ஆறு இம்மலைத் தொடரிலேதான் பிறக்கிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுக.