மலிவுப் படமும் தரப் பாகுபாடும்: 1952 ஆம் ஆண்டுக் 'காடு' பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலை நகரின் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்வெளிகளின் நடுவே அமைந்தது தம்பலகாமம். ஆதிகோணநாயகர் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூரின் விவசாயிக்குக் காடு என்பது கதைப்பொருள் அன்று. அது வயலின் எல்லை. கதிர் முற்றும் காலத்திலே காட்டிலிருந்து இறங்கும் யானைகளுக்கு அஞ்சிப் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பது இப்பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வாழ்க்கை. யானைகள் ஏன் ஊருக்குள் வருகின்றன என்னும் வினா அவர்களுக்குப் புதியதன்று.

இதே வினாவைக் கருவாகக் கொண்ட அமெரிக்கப் படம் ஒன்று 1952 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்' எனவும் தமிழில் 'காடு' எனவும் பெயர்பெற்ற இப்படத்தை, ஹொலிவூட்டின் லிப்பேட் நிறுவனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமும் இணைந்து இந்தியாவிலே தயாரித்தன. இயக்கியவர் வில்லியம் பேர்க். றொட் கமெரன், சீசர் ரொமேரோ, மரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்கள் முக்கிய வேடங்களை ஏற்றனர். யானைக் கூட்டங்கள் ஊர்களை அழிப்பதன் காரணத்தை அறிய ஒரு குழு காட்டினுள்ளே செல்கிறது. சடைமயிர் கொண்ட 'மமத்' என்னும் தொல்யானைகளே ஏனைய யானைகளை விரட்டுகின்றன என்பது முடிவிலே தெரியவருகிறது. அத்தொல்யானைகளாகத் திரையிலே தோன்றியவை மயிர்ப்போர்வை போர்த்திய சாதாரண யானைகளே.

இத்தகைய படங்களை அமெரிக்கர் 'பி' படங்கள் என அழைத்தனர். தமிழ் விமர்சகர் பலர் அதனை 'இரண்டாந்தரப் படம்' என்று பொருள்கொண்டு, மாயாஜாலப் படம், சண்டைப் படம், மர்மப் படம் அனைத்தையும் அப்பெயராலேயே ஒதுக்கிவிட்டனர். ஆயின், 'பி' என்னும் எழுத்து தொடக்கத்திலே கலைத்தரத்தைச் சுட்டவில்லை. வணிக ஏற்பாடு ஒன்றையே சுட்டியது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே சீட்டுக்கு இரு படங்களைக் காட்டத் தலைப்பட்டன. முதன்மைப் படத்துக்கு வசூலில் ஒரு வீதம் தயாரிப்பாளருக்குக் கிடைத்தது. துணைப் படமோ பெரும்பாலும் நிலையான வாடகைக்கே விடப்பட்டது. எத்தனை பேர் பார்த்தாலும் அதன் வருவாய் ஏறாது; எனவே செலவைக் குறைப்பதொன்றே இலாபத்துக்கு வழியாயிற்று. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் நீளம், சில நாட்களில் முடியும் படப்பிடிப்பு, பழைய அரங்கமைப்புகளின் மறுபயன்பாடு ஆகிய இயல்புகள் யாவும் இக்கணக்கின் விளைவுகளே.

1948 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் பெரிய நிறுவனங்கள் தம் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. தொலைக்காட்சியும் பரவத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் துணைப் படத் தயாரிப்பைக் குறைக்கவே, அவ்விடத்தைச் சிறு நிறுவனங்கள் நிரப்பின. அவற்றுள் ஒன்றை நடத்திய றொபேட் லிப்பேட் தாமே பல திரையரங்குகளுக்கு உரிமையாளர். தம் அரங்குகளுக்குக் குறைந்த செலவிலே படம் வேண்டியமையே அவரைத் தயாரிப்பாளராக்கியது. 1950 இல் அவர் நிறுவனம் வெளியிட்ட விண்வெளிப் படமான 'றொக்கற்ஷிப் எக்ஸ்-எம்' மூன்று வாரத்துக்குட்பட்ட காலத்திற் படமாக்கப்பட்டது.

இத்தகைய நிறுவனத்துக்குச் சேலம் வாய்ப்பான இடமாக அமைந்தமை தற்செயல் அன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி. ஆர். சுந்தரம் 1930களிலே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஆலை ஒன்றின் ஒழுங்கோடு இயங்கியது. படப்பிடிப்புத் தளமும் ஆய்வுகூடமும் ஒரே வளவில் இருந்தன. எழுத்தாளரும் கலைஞரும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். படங்கள் திட்டமிட்டபடி முடிக்கப்பட்டன. தொழில் முறையை மட்டும் நோக்கின், சேலமும் லிப்பேட் நிறுவனமும் ஒரே குலத்தவை எனலாம்.

ஆயினும் விளைவு வேறு. தமிழ்ப் படம் பாட்டும் நடனமும் கூடி இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடியது. ஒரு காட்சிக்கு ஒரு படம் என்பதே இங்குள்ள முறை. துணைப் படத்துக்கு இடமே இருக்கவில்லை. ஆகவே, சேலத்துச் சாகசப் படம் தன் வருவாயைத் தானே ஈட்டவேண்டிய முதன்மைப் படமாகவே பிறந்தது. பி. யு. சின்னப்பா இரு வேடம் ஏற்ற 'உத்தம புத்திரன்' (1940), எம். என். நம்பியார் மாறுவேடங்கள் பல புனைந்த 'திகம்பர சாமியார்' (1950), மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) ஆகியன இம்முறையிற் பிறந்தவையே. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இதே நிறுவனத்திலிருந்து வந்தது. புராணப் படமோ சமூகப் படமோ பெறாத அச்சிறப்பைச் சாகசக் கதையொன்று பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. இவற்றை 'இரண்டாந்தரம்' என வகுப்பது, அமெரிக்கத் திரையரங்கின் வாடகைக் கணக்கைத் தமிழ்க் கலைக்கு அளவுகோலாக்குவதாகும்.

'காடு' இவ்விரு ஒழுங்குகளும் சந்தித்த இடம். ஆயின் அச்சந்திப்பு சமமானதன்று. இந்திய இளவரசியாக மரி வின்ட்சரும் ராமா சிங்காக ரொமேரோவும் தோன்றினர். நம்பியார் போன்ற தமிழ் நடிகருக்குச் சிறு வேடங்களே வாய்த்தன. யானையும் காடும் தொழிலாளர் உழைப்பும் இங்கிருந்து சென்றன. கதையின் பார்வை அங்கிருந்து வந்தது. காட்டின் விளிம்பில் வாழ்வோனுக்கு யானையின் வருகை பசியும் நிலமும் பற்றிய செய்தி. தூரத்துப் பார்வையாளனுக்கு அது போதாமையால் தொல்யானை தேவைப்பட்டது. இப்படத்தின் உண்மையான வறுமை மயிர்ப்போர்வையில் இல்லை. காட்டோரத்து மனிதனின் அறிவைக் கேளாமையிலேயே உள்ளது.

ஈழத்துக்கும் இதிற் பாடம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' முதலாக, இங்கு உருவான தமிழ்ப் படங்கள் மிகக் குறைந்த செலவின. இந்திய இறக்குமதிப் படங்களின் அருகே அவை இரண்டாந்தரமாகவே மதிக்கப்பட்டன. சேலத்தின் மலிவுக்குப் பின்னே நிலையான தளமும் சம்பளக் கலைஞரும் பரந்த சந்தையும் இருந்தன; ஈழத்தின் மலிவுக்குப் பின்னே இவற்றுள் எதுவும் இருக்கவில்லை. 1983 யூலை வன்செயலின்போது, ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரியூட்டப்பட்டுப் பல படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தன.

மதிப்புக் குறைந்தவை என ஒதுக்கப்படுவன பேணப்படுவதில்லை, பேணப்படாதன ஆராயப்படுவதுமில்லை. ஆகவே தரப் பாகுபாடு வெறும் சுவை பற்றிய வழக்கன்று. எஞ்சியுள்ள சுருள்களில் எது காக்கப்படும், எது அழியும் என்பதை நிர்ணயிப்பதும் அதுவே. தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஒரு படத்தை இரண்டாந்தரம் என்று கூறுமுன், அது யாருடைய அரங்கில், யாருடைய கணக்கில் இரண்டாவது என்று வினவுதல் கடன்.