நம் கோப்பையின் அடியில் நம் பெயர்



எங்கள் குழு மடவை மீன், நண்டு, பூநாரை உருவத்தில் பீங்கான் கோப்பை செய்வது உங்களுக்குத் தெரியும். "இது என்னக்கா புதுப் பழக்கம்? டீ குடிக்க மீன் எதுக்கு?" என்று நிறைய பேர் கேட்டீங்க. இது புதுசு இல்லை, ரொம்பப் பழசு. அந்த வரலாற்றைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

வேலை தொடங்கும் முன் நாங்கள் எட்டுப் பேர் அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம். 1851-இல் தொடங்கிய மியூசியம் அது. எங்க ஆயா 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்லும். கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழை அங்கே இருக்கிறது. செம்மறிக்கடா உருவம். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைக்கச் செய்தது. நீலகிரி மலையிலும் பழைய ஈமக்குழிகளில் மண் ஜாடிகள் கிடைத்தன. அவற்றின் மூடி மேல் எருமை, மயில், யானை எல்லாம் நிற்கும். அவற்றைத் தோண்டிச் சேர்த்தவர்களில் ஒருவர் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ். அவர் 1872-இல் இறந்துவிட்டார். அவர் எழுதி வைத்ததை 1873-இல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் அவர் மனைவி.

இதெல்லாம் செத்தவங்களுக்கு. உயிரோடு இருக்கிறவங்க குடிக்கவும் இப்படிச் செய்தார்கள். பழைய ஈரானில் பெரிய மனிதர்கள் மிருகத் தலை வைத்த பொன், வெள்ளிப் பாத்திரத்தில் குடித்தார்கள். சுமார் 2,500 வருஷத்துக்கு முன் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் குயவர்கள் அதைப் பார்த்து மண்ணிலேயே செய்தார்கள். பொன்னில் இருந்தது மண்ணுக்கு வந்தது. ஆனால் ஒரு சிக்கல். அவற்றில் பலவற்றைக் கீழே வைக்க முடியாது, சாய்ந்துவிடும். குடித்து முடிக்கும் வரை கையிலேயே பிடிக்கணும். நமக்கு அது ஆகுமா? அடுப்பையும் பார்க்கணும், பிள்ளையையும் பார்க்கணும். அதனால் எங்கள் கோப்பைக்கு அடியில் வட்டமாக ஒரு பாதம் வைத்தோம்.

முதல் சூளையில் பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. உள்கடன் வாங்கிப் போட்ட பணம். அன்றைக்கு ராத்திரி யாருக்கும் சோறு இறங்கவில்லை. தப்பு எங்களுடையதுதான். மீன் தலையைக் கெட்டியாக உருட்டி ஒட்டியிருந்தோம். உள்ளே ஈரம் தங்கி, சூட்டில் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் உடைத்துவிட்டது. இப்போது தலையை உள்ளே குடைந்து, ஊசியால் ஒரு துளை போட்டு, நன்றாகக் காயவிட்டுத்தான் சுடுகிறோம். வெறும் சுடுமண்ணில் நீர் கசியும் என்பதால் மேலே கண்ணாடிப் பூச்சு கொடுக்கிறோம். குடிக்கிற பாத்திரம் ஆச்சே, ஈயம் கலக்காத பூச்சு மட்டும்தான்.

மியூசியத்தில் என் மனசை உறுத்தியது ஒன்று உண்டு. தோண்டி எடுத்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. செய்த கை யாருடையது என்று எங்கேயும் இல்லை. ஏதென்சில் சோட்டாடீஸ் என்ற குயவர் தான் செய்ததில் தன் பெயரை எழுதினார், அதனால் இன்றைக்கும் தெரிகிறது. நம்ம கீழடிப் பானை ஓடுகளில்கூட ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறது.

அதனால் நாங்களும் ஒரு முடிவெடுத்தோம். மண் ஈரமாக இருக்கும்போதே, செய்தவள் தன் பெயரை அடியில் கீறிவிடுவாள். கையெழுத்துப் போட இங்கேதான் கற்றுக்கொண்ட அக்காமார்களும் கீறுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு இந்தக் கோப்பையில்தான் டீ. குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்க.