காக்கங்கரையில் வீழ்ந்த விண்கல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலைத்தொடர், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தென்னார்க்காடு, சேலம் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் இடையே பரவிக் கிடந்தது. அவ்விரு மாவட்டங்களிலும் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு விண்கற்கள் வீழ்ந்தன. 1886 ஜனவரி 27 அன்று தென்னார்க்காட்டின் நம்மியந்தலில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள கல் வீழ்ந்தது. 1890 ஜூன் 4 அன்று, அந்நாளில் சேலம் மாவட்டத்திலிருந்த காக்கங்கரையில் மற்றொன்று வீழ்ந்தது. இதன் நிறை சுமார் 350 கிராம், கைப்பிடிக்குள் அடங்குவது.

இச்சிறு கல்லுக்குக் கிட்டிய சிறப்பை உணர, முகலாயர் காலத்துக்குச் சற்றுத் திரும்பிச் செல்ல வேண்டும். 1621 ஏப்ரல் 10 அன்று ஜலந்தர் அருகே விண்ணிலிருந்து இரும்புக் கட்டியொன்று வீழ்ந்தது. பேரரசர் ஜஹாங்கீர் அதனை எடைபோடச் செய்தார். 160 தோலா இருந்தது. உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லர், அது தனித்து அடிதாங்காமையால், மூன்று பங்கு விண்ணிரும்புடன் ஒரு பங்கு சாதாரண இரும்பு கலந்து இரு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் வடித்தார். நாளையும் எடையையும் பேரரசர் தம் தன்வரலாற்றில் எழுதிவைத்தமையால் செய்தி நிலைத்தது. அக்கத்தி இன்று வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. ஆயினும் உலையில் உருகிய இரும்பு தன் பழைய அமைப்பை இழந்துவிட்டது.

காக்கங்கரைக் கல்லோ உருக்கப்படவில்லை. 84 ஆண்டுகள் கழித்து, 1974-இல், கிரஹாம், ஹட்சிசன் என்னும் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, அதுவரை அறியப்பட்ட விண்கல் வகைகளுள் எதிலும் இது எளிதில் அடங்காமையை எடுத்துரைத்தனர். பின்னர் அண்டார்க்டிகாவிலும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலும் கிடைத்த இரு கற்கள் இதனை ஒத்திருந்தன. 1996-இல் இம்மூன்றும் ஒரு தனிச் சிறுகுழுவாக ஏற்கப்பட்டன. காக்கங்கரையின் ஆங்கில முதலெழுத்தே அக்குழுவின் பெயராயிற்று. ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியக் குடும்பம் உருவாகிய காலத்துத் தூசியும் உருண்மணிகளும் இத்தகைய கற்களில் உறைந்துள்ளன.

எடையில் பன்மடங்கு பெரியதாயினும் நம்மியந்தல் கல், பலவிடங்களிலும் கிடைக்கும் வகையைச் சார்ந்தது. ஆகவே துண்டின் பெருமையை எடைகொண்டு அளத்தல் பொருந்தாது. வீழ்ந்த நாளையும் இடத்தையும் குறித்துவைத்து, அத்துண்டைச் சிதைக்காமல் காத்த செயலே பின்வந்தோரின் அறிவுக்கு வாயில் திறந்தது. அச்செயல் நிகழாதிருப்பின், காக்கங்கரைக் கல் நம் வயல்வரப்பிலுள்ள கற்களோடு கல்லாகக் கலந்து மறைந்திருக்கும்.