இரண்டாகப் பிரிந்த பஞ்சாப் அணி

1946, 1947 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசிய ஹாக்கிப் பட்டத்தை வென்றது பஞ்சாப். அணித்தலைவர் அலி இக்திதார் ஷா தாரா. சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் பல்பீர் சிங். முஸ்லிமும் சீக்கியரும் இந்துவும் சேர்ந்து ஆடிய அணி அது. இரண்டாவது பட்டத்தின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையில் மாகாணமே துண்டானது.

அந்தப் பட்டத்துக்கான கேடயம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அதற்கு ஈடாகப் புதுக் கோப்பையைத் தந்தது சென்னையின் 'தி இந்து' நாளிதழ். ரங்கசாமி கோப்பை என்று பெயர். கோப்பைக்கு மாற்று கிடைத்தது. ஆட்டக்காரர்களுக்கு?

லாகூரில் பிறந்த கேசவ் தத், நகரம் கலவரத்தில் எரிந்தபோது உயிர் தப்பியது அணித்தோழர் ஒருவரின் துணையால்தான். அவர் ஷாருக், முஸ்லிம். தத்துக்கு அடைக்கலம் கொடுத்து, நகரைவிட்டுப் பத்திரமாக வெளியேற உதவினார். அன்றைய லாகூரில் அப்படிச் செய்தவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஒன்றாக ஆடி வளர்ந்த பற்று அந்த அச்சத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. பஞ்சாப் வென்ற பட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக இதைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக். தத்தும் பல்பீரும் இந்திய அணியில். ஷாருக் பாகிஸ்தான் அணியில். பாகிஸ்தானின் தலைவர் அதே தாரா. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் நடுவே, தியான் சந்த் அணிக்குக் கைகொடுக்க விமானத்தில் வரவழைக்கப்பட்டு, இந்தியாவுக்காகத் தங்கம் வென்றவர் அவர். 1948 ஆகஸ்ட் 12 அன்று வெம்ப்ளியில் பிரிட்டனை 4-0 என்று வீழ்த்தியது இந்தியா. அதில் இரண்டு கோல் பல்பீருடையவை. பாகிஸ்தானுக்கு நான்காம் இடம். பழைய தோழர்கள் அந்தப் போட்டியில் நேருக்கு நேர் மோத நேரவில்லை.

எல்லோருக்கும் அந்த நிம்மதி வாய்க்கவில்லை. லண்டனில் இந்தியாவுக்காகத் தங்கம் வென்ற லத்தீஃபுர் ரஹ்மானும் அக்தர் ஹுசைனும் பிறகு பாகிஸ்தான் சென்றார்கள். 1956 மெல்போர்ன் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது இந்தியா. வென்ற அணியின் தலைவர் பல்பீர் சிங். தோற்ற அணிக்குக் கிடைத்த வெள்ளி, அவருடைய பழைய தோழர்கள் இருவருக்கும் சேர்ந்தது. பதக்கப் பட்டியல் நாட்டின் பெயரை மட்டுமே சொல்லும். இந்தக் கதைக்கு அதில் இடமில்லை.

தத்தோடு 1948 அணியில் ஆடியவர் நந்தி என்று அழைக்கப்பட்ட கிரஹநந்தன் சிங். லாகூர் அரசுக் கல்லூரி நாட்களிலிருந்தே தத்துக்கும் ஷாருக்குக்கும் நண்பர். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின், நந்தியின் மகள் பானி சிங் லாகூருக்குப் பயணம் போய், முதுமை எய்திவிட்ட ஷாருக்கைச் சந்தித்தார். அந்தத் தேடலிலிருந்து உருவானதுதான் 'தாங்' என்ற ஆவணப்படம். அந்த முதியவர்கள் தங்கள் பழைய அணியைப் பற்றிப் பேசுவதை இன்று நாம் கேட்க முடிவது அதனால்தான்.