இரண்டாம் மொழி வாசிப்பில் பின்னணி அறிவு

பின்னணி அறிவு என்பது, ஒரு பனுவலைப் படிக்கத் தொடங்கும் முன்னரே அதன் பொருள் பற்றி வாசகரிடம் இருக்கும் அறிவைக் குறிக்கும். இரண்டாம் மொழியில் படிக்கும் ஒருவர் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறார் என்பது அவரது சொல்வளத்தையும் இலக்கண அறிவையும் மட்டுமன்றி, இப்பின்னணி அறிவையும் பொறுத்தது. எந்தப் பனுவலும் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கூறுவதில்லை. கூறாது விடப்பட்டவற்றை வாசகரே நிரப்பிக்கொள்கிறார். எழுதியவரும் படிப்பவரும் வெவ்வேறு பண்பாடுகளைச் சேர்ந்தவர்களாயின், அவை தவறாக நிரப்பப்படக்கூடும்.

கோட்பாடு

பிரித்தானிய உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதையொன்றை இங்கிலாந்து வாசகர்களிடம் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் செய்தார். அவர்கள் தமக்குப் பழக்கமில்லாத செய்திகளை விட்டுவிட்டனர் அல்லது பழக்கமானவையாக மாற்றினர். 1932 ஆம் ஆண்டு வெளியான நூலில் இதை விளக்கிய பார்ட்லெட், மனிதர் தம் அனுபவங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் அறிவுச் சட்டகங்களின் வழியாகவே புதியவற்றைப் புரிந்துகொள்கின்றனர் என்றார்.

1972 இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் ஆகியோர், துணி துவைப்பதைப் பற்றி எளிய சொற்களில் எழுதப்பட்ட, ஆனால் துணி என்ற சொல்லே இடம்பெறாத பத்தியொன்றைப் பயன்படுத்தினர். தலைப்பு முன்கூட்டியே கூறப்பட்டவர்கள் அதை நன்கு புரிந்துகொண்டனர். பின்னர் கூறப்பட்டவர்களுக்கு அதனால் பயன் ஏற்படவில்லை. தாய்மொழியிலும் சொற்பொருள் அறிவு மட்டும் போதாது என்பதை இது காட்டியது.

திருமண மடல் ஆய்வு

1979 இல் மார்கரெட் ஸ்டெஃபென்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரு ஆங்கில மடல்களை இந்தியர்களும் அமெரிக்கர்களும் படித்தனர். இரு சாராரும் தத்தம் பண்பாட்டு மடலை விரைவாகப் படித்து, அதிலிருந்து கூடுதலான செய்திகளை நினைவுகூர்ந்தனர்.

அமெரிக்க மடலில் மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிகிறாள். பழையதும் இரவல் பெற்றதுமான பொருளை மணநாளில் அணிவது அங்கு நற்பேறாகக் கருதப்படும் மரபு. இந்திய வாசகர் ஒருவரோ, உடை பழையதாகவும் வழக்கொழிந்ததாகவும் இருந்தது என நினைவுகூர்ந்தார். அவருக்குப் புரியாதது ஆங்கிலச் சொல் அன்று. அதன் பின்னிருந்த மரபே.

மொழியறிவுடன் உள்ள தொடர்பு

1981 இல் பாட்ரிசியா ஜான்சன், ஆங்கிலம் கற்ற ஈரானிய மாணவர்களை ஆராய்ந்தார். மொழிநடையின் கடினத்தைவிடக் கதையின் பண்பாட்டு மூலமே அவர்களது புரிதலை அதிகம் பாதித்ததாக அவர் கண்டார். எனினும், பின்னணி அறிவு மொழியறிவுக்கு மாற்றாகாது. துணையின்றிப் புனைகதை ஒன்றைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98% தெரிந்திருக்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் வெளியான ஹூ, நேஷன் ஆகியோரின் ஆய்வு கூறுகிறது. மொழியறிவு மிகக் குறைந்தவர்கள் தமக்குத் தெரிந்த பொருளில் அமைந்த பனுவலிலும் அவ்வறிவைப் பயன்படுத்த இயலாதிருப்பர்.

தேர்வுகளும் கற்பித்தலும்

வாசிப்புத் தேர்வில் தவறான விடை, மொழிக் குறைபாட்டினாலும் பின்னணி அறிவு இன்மையாலும் நேரலாம். மதிப்பெண் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. உயர்கல்விச் சேர்க்கைக்குப் பயன்படும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், தேர்வர்களின் கல்வித்துறைக்கு ஏற்ற மூன்று தனித்தனி வாசிப்புத் தாள்கள் முன்னர் இருந்தன. 1995 இல் இவற்றுக்குப் பதிலாக ஒரே பொதுத்தாள் கொண்டுவரப்பட்டது. 1996 இல் கரோலின் கிளாஃபம் வெளியிட்ட ஆய்வு, துறை அறிவின் தாக்கம் இடைநிலை மொழித்திறன் உடையோரிடமே தெளிவாகத் தெரிவதாகக் காட்டியது.

வகுப்பறையில் பின்னணி அறிவை வளர்க்கப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன:

* படிக்கும் முன் தலைப்பையும் படங்களையும் கொண்டு உரையாடுதல்
* பனுவலில் விளக்கப்படாத வழக்கங்களை முன்னதாக அறிமுகப்படுத்துதல்
* ஒரே பொருள் பற்றிய பல பனுவல்களைத் தொடர்ந்து படிக்கச் செய்தல்
* தொடக்கநிலையில் மாணவரின் சொந்தச் சூழல் சார்ந்த பனுவல்களைத் தெரிவுசெய்தல்