கூட இருந்தவர்கள்

அம்பானி எத்தனை மாடி கட்டினாலும் நமக்கு வயிறு எரிவதில்லை. எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் ஒரே ஒரு ரூம் எடுத்துக் கட்டட்டும்... அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு! கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் மேல்தான் பொறாமை வரும். அதுவும் நேற்றுவரை நம்மோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் என்றால், கேட்கவே வேண்டாம்.

சரித்திரத்தில் இதற்கு ஓர் உதாரணம் பார்க்க, நத்தத்தில் பஸ் ஏறி மதுரையில் இறங்கினால் போதும்.

திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் என்றால் நமக்கு மாம்பழமும் புளியும் மாசி மாரியம்மன் திருவிழாவும் ஞாபகம் வரும். 18-ம் நூற்றாண்டில் அந்தப் பெயரைக் கேட்டாலே கும்பினிச் சிப்பாய்களுக்கு வேர்க்கும். மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் காட்டுக் கணவாய் அங்கேதான். 1755 மே மாதம், தெற்குச் சீமையில் வரி வசூலுக்குப் போய்விட்டுத் திரும்பிய கர்னல் ஹெரானின் படை அதற்குள் நுழைந்தது. மதுரைப் பக்கம் ஒரு கோயிலில் கொள்ளையடித்த சாமி சிலைகளும் கூடவே வந்தன. கள்ளர் நாட்டு மக்கள் சும்மா விடுவார்களா? காட்டுக்குள் வைத்துப் பின்னி எடுத்து, சிலைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் ராணுவ விசாரணைக்கு ஆளாகி, வேலையும் பறிபோனது.

'இந்தச் சீமையை இந்த மண்ணின் ஆள்தான் கட்டி மேய்க்க முடியும்' என்று கும்பினிக்குப் புரிந்தது. 1756-ல் அது தேர்ந்தெடுத்த ஆள், யூசுப்கான். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இஸ்லாத்துக்கு மாறி, சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியாக உயர்ந்தவர். 1997-ல் கமல்ஹாசன் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட படத்தின் நாயகன் இவர்தான்.

கான்சாகிபு கெட்டிக்காரர். வெறும் கெட்டிக்காரர் இல்லை, இரக்கம் பார்க்காத கெட்டிக்காரர். நத்தம் காட்டுக்குள் வழி வெட்டி, அங்கே எதிர்த்தவர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். இன்னொரு பக்கம், கோயில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். 1761-ல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலைப் பிடித்தார். அதற்கும் அக்கம்பக்கத்துப் பகைதான் உதவியது. மேற்குப் பாளையங்கள் ஒரு பக்கம், கிழக்குப் பாளையங்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடந்தன. பக்கத்துப் பாளையம் அழிந்தால் நமக்கு லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் பலர். அடுத்த முறை தம் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி, கொஞ்சம் கணக்கு. கான்சாகிபு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார். பிறகு, 7 லட்சம் தருகிறேன் என்றார். வியாபாரக் கண்ணால் பார்த்தால், இதைவிட நல்ல குத்தகைதாரர் கிடைக்க மாட்டார். ஆனால், ஆற்காடு நவாப் முகமது அலியின் கண் வேறு. அதே சீமையைத் தன் சொந்த அண்ணன் மாபூஸ்கானிடம் கொடுத்துப் பார்த்து, அண்ணன் சொதப்பி, கடைசியில் எதிர் முகாமுக்கே போனதைப் பார்த்தவர் அவர். சொந்த அண்ணனால் முடியாததை ஒரு சிப்பாய் செய்து காட்டினால் எப்படி இருக்கும்? நன்றியா வரும்? பயம்தான் வந்தது. 'இவன் என் வேலைக்காரன், என் சொல்படிதான் நடக்க வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்தார். கும்பினியும் நவாப் பக்கம் சாய்ந்தது. கான்சாகிபு 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, எதிர்த்து நின்றார்.

மதுரைக் கோட்டையை முற்றுகையிட வந்தவர்களில் ஒருவர், மேஜர் பிரஸ்டன். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு எதிரியைத் தூங்கவிடாமல் அடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரஸ்டன். மற்றவர் யூசுப்கான்! தோளோடு தோள் நின்று ஒரே எதிரியை விரட்டிய அதே பிரஸ்டன், 1764 ஜூன் மாதம் கான்சாகிபின் மதில் மேல் ஏறப் படை நடத்தினார். தாக்குதல் தோற்றது. அதில் பட்ட காயத்தால் பிரஸ்டன் இறந்துபோனார். இவர்கள் இருவருக்கும் நடுவே பொறாமை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. மேலே இருந்தவரின் பொறாமைக்கு இந்த நட்பு பலியானது, அவ்வளவுதான்.

மதில் விழவில்லை. பிறகு, கோட்டை எப்படி விழுந்தது?

முற்றுகை நீண்டது. கோட்டைக்குள் சாப்பாட்டுக்கே கஷ்டம். கான்சாகிபுக்குக் கோபம் தலைக்கேறியது. தன்னோடு இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷனை ஒரு வாக்குவாதத்தில் அடித்துவிட்டார் என்று சொல்வார்கள். அடி வாங்கியவன் சிரித்துக்கொண்டே நடந்தாலும் மறப்பதில்லை. திவான் சீனிவாச ராவ், கூடவே இருந்த வைத்தியர், மார்ஷன்... மூவரும் கூடிப் பேசினார்கள். 1764 அக்டோபர் 13-ம் தேதி கான்சாகிபைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டியதாக ஊரில் சொல்வார்கள். 15-ம் தேதி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கு. அதற்குப் பிறகும் நவாபுக்குப் பயம் தெளியவில்லை. உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

சரி, நவாப் ஜெயித்தாரா? கையாலாகாத குத்தகைதாரர்கள், கும்பினிக்காரர்களிடமே வாங்கிய கடன், கடனுக்கு வட்டி... 1801-ல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி உரிமை மொத்தமாகக் கும்பினியிடம் போய்ச் சேர்ந்தது. 7 லட்சம் தருகிறேன் என்று வந்தவனைத் தூக்கில் போட்டவருடைய வம்சத்துக்கு மிஞ்சியது வெறும் பட்டமும் உதவித்தொகையும்.

இந்தக் கதையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். நவாபின் பொறாமை ஒரு வருஷத்துக்கு மேல் மதிலுக்கு வெளியே நின்று முட்டி மோதியது, ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒருவனை அவமானப்படுத்திய அன்றைக்குத்தான் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் வயிறு எரிவதை நம்மால் தடுக்க முடியாது. நம் வீட்டில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவனை எப்படி நடத்துகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், யார் அந்தக் கான்சா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதியும் இருக்கிறது. அவரைக் கட்டிக்கொடுத்த மூன்று பேர் பெயரில், எனக்குத் தெரிந்து, ஒரு சந்துகூட இல்லை.